விஆர் ஆட கிராபிக்ஸ் கார்டு எடுப்பது எப்படி? டெல்டா வீடுகளுக்கான முழு வழிகாட்டி

நம் டெல்டாவில் விஆர் ஹெட்செட், அதாவது தலையில் மாட்டி மெய்நிகர் உலகம் பார்க்கும் கருவி, பெரும்பாலும் விமானத்தில்தான் வந்து இறங்குகிறது. சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் அண்ணனோ மாமாவோ ஊருக்கு வரும்போது மெட்டா குவெஸ்ட் ஒன்றை வாங்கி வருவார். ஹெட்செட்டுக்குள்ளேயே ஓடும் விளையாட்டுகள் கொஞ்ச நாளில் அலுத்துவிடும். கம்ப்யூட்டரோடு இணைத்து ஹாஃப் லைஃப் அலிக்ஸ் ஆட வேண்டும், விமானம் ஓட்ட வேண்டும் என்று ஆசை வரும். கம்ப்யூட்டரில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு பற்றிய பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

இதற்கு யூடியூபில் கிடைக்கும் பதில்களில் முக்கால்வாசி மானிட்டரில் ஆடுபவர்களுக்கானவை. அவற்றை நம்பி வாங்கிவிட்டு, தலைசுற்றலும் குமட்டலுமாக ஹெட்செட்டைக் கழற்றி பீரோவில் வைத்தவர்கள் நிறையப் பேர். அவ்வளவு காசு போட்ட பொருள் அப்படிக் கிடக்கக் கூடாது என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன். கார்டுக்கு மட்டும் ஏறக்குறைய 30,000 முதல் 60,000 ரூபாய் வரை ஒதுக்க முடிகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

படி 1: ஹெட்செட் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கார்டை வாங்கிவிட்டு ஹெட்செட்டைத் தேடுவது தலைகீழ் வேலை. எத்தனை பிக்சலை வரைய வேண்டும், எந்த வழியாக அனுப்ப வேண்டும் என்று கார்டுக்குச் சொல்வதே ஹெட்செட்தான்.

கணக்கைப் பாருங்கள். சாதாரண 1080 மானிட்டரில் சுமார் 20.7 லட்சம் பிக்சல். 4கே டிவியில் சுமார் 83 லட்சம். குவெஸ்ட் 2, குவெஸ்ட் 3எஸ் இரண்டிலும் ஒரு கண்ணுக்கு 1832×1920, இரண்டு கண்ணுக்கும் சேர்த்து சுமார் 70 லட்சம். 2023இல் வந்த குவெஸ்ட் 3இல் ஒரு கண்ணுக்கு 2064×2208, மொத்தம் 91 லட்சத்தைத் தாண்டும். 4கே டிவியைவிட அதிகம். பழைய வால்வ் இண்டெக்ஸ் 46 லட்சத்தோடு நின்றுவிடும்.

இதோடு முடியவில்லை. லென்ஸ் படத்தை வளைப்பதால், அந்த வளைவைச் சரிக்கட்ட கார்டு முன்கூட்டியே பெரிய படமாக வரைந்து, பிறகுதான் சுருக்கி அனுப்புகிறது. முழுத் தெளிவு வேண்டுமென்றால் பொதுவாக நீளத்திலும் அகலத்திலும் சுமார் 1.4 மடங்கு. அதாவது பிக்சல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடுத்தர கார்டில் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை, பல விளையாட்டில் போகவும் முடியாது. ஆனால் ‘1080இல் நன்றாக ஓடுகிறது’ என்ற பேச்சு விஆருக்கு ஏன் உதவாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது இணைப்பு. வால்வ் இண்டெக்ஸ், அடாப்டர் போட்ட பிளேஸ்டேஷன் விஆர்2 போன்றவை டிஸ்ப்ளேபோர்ட் வழியாக நேரே கார்டில் செருகப்படும். குவெஸ்ட் அப்படியில்லை. யூஎஸ்பி கேபிளாக இருந்தாலும் வைஃபையாக இருந்தாலும், கார்டு ஒவ்வொரு படத்தையும் வீடியோவாகச் சுருக்கி அனுப்புகிறது, ஹெட்செட் அதை விரித்துக் காட்டுகிறது. ஆகவே குவெஸ்ட் வைத்திருப்பவருக்குக் கார்டின் வீடியோ என்கோடரும் (இப்படிச் சுருக்கும் பகுதி) முக்கியம். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. ஹெச்பி ரிவெர்ப் ஜி2 போன்ற விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி ஹெட்செட்கள் பழைய பொருளாக மலிவாக வந்தால் ஆசைப்படாதீர்கள். விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து அந்த வசதியையே மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது.

படி 2: எதை ஆடப் போகிறீர்கள்?

பீட் சேபர் மாதிரி விளையாட்டுக்கு இந்த விலைக் கார்டு எதுவுமே போதும். 2020இல் வந்த ஹாஃப் லைஃப் அலிக்ஸ் அழகாக எழுதப்பட்ட விளையாட்டு. குறைந்தபட்சமாக 6 ஜிபி வீடியோ மெமரியும் ஜிடிஎக்ஸ் 1060உம் கேட்டது. இன்றைய நடுத்தர கார்டில் தாராளமாக ஓடும். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், கார் பந்தய சிமுலேட்டர்கள், மாட் (ரசிகர்கள் செய்த கூடுதல் சேர்க்கை) அடுக்கிய ஸ்கைரிம், கூட்டம் நிறைந்த விஆர்சாட் அறை ஆகியவைதான் கார்டைப் பிழிபவை. இவற்றில் எதுவும் உங்கள் பட்டியலில் இல்லை என்றால், பட்ஜெட்டின் கீழ்ப்பாதியிலேயே நின்றுகொள்ளலாம். மிச்சக் காசு எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் (கம்ப்யூட்டருக்குள் கரண்டைப் பிரித்துத் தரும் பெட்டி) யூபிஎஸ்ஸுக்கும் போகட்டும்.

படி 3: சராசரி ஃபிரேமை மறந்து, ஃபிரேம் நேரத்தைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

90 ஹெர்ட்ஸில் ஓடும் ஹெட்செட் ஒவ்வொரு 11.1 மில்லிசெகண்டுக்கும் ஒரு புதுப் படம், அதாவது ஒரு ஃபிரேம், கேட்கிறது. 72 ஹெர்ட்ஸ் என்றால் 13.9. 120 ஹெர்ட்ஸ் என்றால் 8.3 மட்டுமே. அந்த நேரத்துக்குள் படம் வந்தாக வேண்டும்.

பத்து ஃபிரேம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது ஃபிரேம் தலா 9 மில்லிசெகண்டில் முடிகிறது, பத்தாவது 30 எடுத்துக்கொள்கிறது. மொத்தம் 111. கூட்டி வகுத்தால் சராசரி விநாடிக்கு 90 ஃபிரேம், ரிவ்யூ பட்டியலில் பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் அந்த 30 மில்லிசெகண்டில் ஹெட்செட் இரண்டு முறை புதுப் படம் கேட்டு ஏமாந்திருக்கிறது. மானிட்டரில் இது ஒரு சின்ன உதறல், கண் கண்டுகொள்ளாது. ஹெட்செட்டிலோ தலை திரும்பிவிட்டது, உலகம் திரும்பவில்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உணர்வு ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, வயிற்றைப் புரட்டுகிறது. ‘எனக்கு விஆர் ஒத்துக்கொள்ளாது’ என்று சொல்லும் பலருக்கு ஒத்துக்கொள்ளாதது இந்தத் தவறிய ஃபிரேம்தான்.

ஃபிரேம் தவறினால் சமாளிக்க மென்பொருளிலேயே ஏற்பாடு உண்டு. மெட்டா அதை அசிங்க்ரனஸ் ஸ்பேஸ்வார்ப் என்கிறது, கம்ப்யூட்டரில் விஆர் ஓட்டும் இன்னொரு மென்பொருளான ஸ்டீம்விஆர் மோஷன் ஸ்மூதிங் என்கிறது. கார்டு பாதி வேகத்தில், 90க்குப் பதில் 45 படம் வரைந்தால் போதும். இடைப்பட்ட படத்தை மென்பொருளே ஊகித்து நிரப்பும். விமானம் ஓட்டும்போது தாங்கிக்கொள்ளலாம். வேகமாகக் கை வீசும் விளையாட்டில், கையின் ஓரம் தண்ணீரில் தெரிவது போல நெளியும்.

இங்கேதான் விளம்பரத்தைப் பிரித்துப் படிக்க வேண்டும். 2025 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 5070ஐ அறிமுகப்படுத்தியபோது, முந்தைய வரிசையின் உச்சக் கார்டான 4090க்கு ஈடான திறன் என்று என்விடியா சொன்னது. அந்தக் கணக்கு, என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 4 மென்பொருள் இடைப்பட்ட படங்களை ஊகித்து நிரப்பும் ஃபிரேம் ஜெனரேஷனை நம்பியது. விஆர் விளையாட்டுகளில் அந்த ஃபிரேம் ஜெனரேஷன் பொதுவாகக் கிடைப்பதில்லை. ஆகவே ஃபிரேம் ஜெனரேஷனை அணைத்துவிட்டு 4கேயில் எடுத்த எண்களையும், அதில் ‘1% லோ’ என்று போடும் எண்ணையும் (மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகம்) மட்டும் பாருங்கள். சராசரிக்கும் 1% லோவுக்கும் இடைவெளி குறைந்த கார்டே விஆருக்கு நல்ல கார்டு.

படி 4: வீடியோ மெமரி

பெரிய படம் வரைய இடம் வேண்டும். இரண்டு கண்ணுக்கான படம், டெக்ஸ்சர் (பொருட்களின் மேல் போர்த்தும் படம்), ஹெட்செட் மென்பொருள், குவெஸ்ட் என்றால் வீடியோ என்கோடர், எல்லாமே கார்டின் மெமரியில்தான் உட்கார்கின்றன. இடம் போதாமல் வழிந்தால் கம்ப்யூட்டரின் ரேமுக்குப் போய் வர வேண்டும். படி 3இல் சொன்ன 30 மில்லிசெகண்ட் ஃபிரேம் அப்படித்தான் பிறக்கிறது.

8 ஜிபி என்பது இன்று குவெஸ்ட் 2, 3எஸ் வைத்து எளிய விளையாட்டு ஆடுபவருக்கு மட்டும். 12 ஜிபி நிம்மதி. 16 ஜிபி இருந்தால் சில வருடத்துக்கு இந்தப் பேச்சே வராது.

கடையில் இதில்தான் குழப்பம் நடக்கும். ஒரே பெயரில் இரண்டு கார்டு விற்கிறார்கள். கவுன்டரில் பேச்சு இப்படிப் போகும்:

“தம்பி, இதுவும் 5060 டிஐ, அதுவும் 5060 டிஐ. எதுக்குக் கூடக் காசு போடுற?”

“அண்ணே, பெட்டியைக் கொஞ்சம் காட்டுங்க. 16 ஜிபின்னு போட்டிருக்கான்னு பார்த்துக்கிறேன்.”

பெட்டியின் முன்பக்க மூலையில் 8 ஜிபியா 16 ஜிபியா என்று எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள். ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியிலும் இதே கதை. பழைய ஆர்டிஎக்ஸ் 3060 தேடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: நல்லது 12 ஜிபி, மெமரிப் பாதை 192 பிட், பின்னால் வந்த 8 ஜிபி வகை 128 பிட்டாகக் குறுக்கப்பட்டது.

படி 5: எந்தக் கார்டு?

கீழ்ப்படியில் ஆர்டிஎக்ஸ் 4060, 5060 இரண்டும் 8 ஜிபி. 4060 வெறும் 115 வாட்டில் ஓடும், சூடும் குறைவு. குவெஸ்ட் 3எஸ், 72 ஹெர்ட்ஸ், பீட் சேபர், அலிக்ஸ் என்றால் போதும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

நடுவில் இருப்பவையே என் தேர்வு. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி, 180 வாட், மெமரி வேகம் விநாடிக்கு 448 ஜிபி. அதற்கு எதிரில் ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, விலையில் பெரும்பாலும் குறைவு. குவெஸ்டை வைஃபையில் ஓட்டப் போகிறவருக்கு 5060 டிஐ என்று சொல்வேன். என்விடியாவின் என்கோடர் நீண்ட நாளாகவே இந்த வேலையில் முந்தி நிற்கிறது; செட்டிங்கில் மல்லுக்கட்டும் நேரம் குறையும். டிஸ்ப்ளேபோர்ட் ஹெட்செட் வைத்திருப்பவருக்கு அந்தக் காரணம் இல்லை; காசு மிச்சமாகும் 9060 எக்ஸ்டியை யோசிக்காமல் எடுக்கலாம்.

மேல்படியில் ஆர்டிஎக்ஸ் 5070: 12 ஜிபி, 250 வாட், விநாடிக்கு 672 ஜிபி. ரேடியான் ஆர்எக்ஸ் 9070: 16 ஜிபி, 220 வாட். குவெஸ்ட் 3 வைத்துக்கொண்டு விமானமோ பந்தயக் காரோ ஓட்டுபவருக்கு இவை. சிமுலேட்டர் பைத்தியம் பிடித்தவர் இங்கேதான் வந்து நிற்பார், நிற்கட்டும்.

இன்டெல் ஆர்க் பி580இல் 12 ஜிபி இருக்கிறது, விலையும் இழுக்கும். மானிட்டருக்கு நல்ல கார்டு. ஆனால் குவெஸ்டைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் குவெஸ்ட் லிங்க்குக்கான மெட்டாவின் ஆதரவுப் பட்டியலில் ஆர்க் கார்டுகள் இல்லை. விஆருக்காக வாங்குகிறவர் விட்டுவிடுவது நல்லது.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வேறு. லேப்டாப் 4070இல் 8 ஜிபிதான். மேசைக் கம்ப்யூட்டர் 4070இல் 12. எத்தனை வாட் கொடுத்திருக்கிறார்கள் என்பதும் மாடலுக்கு மாடல் மாறும்.

படி 6: பழைய கம்ப்யூட்டரில் மாட்டுவதானால்

மதர்போர்டு எத்தனையாவது பிசிஐஇ (கார்டைச் செருகும் பாதை) தலைமுறை என்று பாருங்கள். 4060, 5060, 5060 டிஐ மூன்றும் அந்தப் பாதையின் எட்டு லேனில் (தடத்தில்) மட்டும்தான் பேசும். ஏ320, பி450, ஹெச்410 போன்ற பழைய போர்டுகள் பிசிஐஇ 3.0. ப்ராசஸர் ரைசன் 5600ஜி என்றால் போர்டு புதிதாக இருந்தாலும் 3.0தான். அந்தப் பாதை இப்படிக் குறுகும்போது, 8 ஜிபி நிரம்பி வழியும் கார்டு இன்னும் அதிகமாகத் திணறும். இப்படிப்பட்டவர் 16 ஜிபி கார்டையோ, பதினாறு லேனில் பேசும் 9060 எக்ஸ்டியையோ எடுக்க வேண்டும். ப்ராசஸர் ரைசன் 5 5600, ஐ5 12400 அளவிலாவது இருக்கட்டும். ரேம் 16 ஜிபி, சிமுலேட்டருக்கு 32.

படி 7: கரண்டு

சென்னையிலும் பெங்களூரிலும் எழுதுகிறவர்கள் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். நாம் அப்படித் தாண்ட முடியாது. டிரான்ஸ்ஃபார்மருக்குக் கடைசியில் இருக்கும் வீட்டில், குறுவைக்குச் சுற்றுவட்டார மோட்டார்கள் எல்லாம் ஓடும் நேரத்தில், டியூப்லைட் மினுக்குவதையும் ஃபேன் தவழ்வதையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கிராபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் இழுப்பதும் பெரும்பாலும் அந்தச் சாயங்கால நேரத்தில்தான்.

முதலில் எஸ்எம்பிஎஸ். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் ‘இன்புட்’ என்ற வரியைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் லோ வோல்டேஜைத் தாங்கும். 200–240 என்று மட்டும் இருந்தால், 180க்கு இறங்கும்போது கம்ப்யூட்டர் பட்டென்று அணையும். பழி கார்டின் மேல் விழும். 5060 டிஐக்கு 600 வாட், 5070க்கு 650 வாட் எஸ்எம்பிஎஸ் என்பது என்விடியாவே சொல்லும் அளவு. கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் இந்தக் கார்டுகளை மாட்டவே கூடாது.

அடுத்து யூபிஎஸ். கடையில் சாதாரணமாகத் தரும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் கொடுக்கும். 4060 போட்ட கம்ப்யூட்டர் அதில் தப்பிக்கும். 5070 போட்டது ஆட்டத்தின் நடுவில் 400 வாட்டைத் தாண்டினால், கரண்டு போன அந்த நொடியே யூபிஎஸ்ஸும் கைவிரித்துவிடும். 1000 விஏ எடுங்கள். அதன் வேலை தொடர்ந்து ஆட வைப்பதல்ல, ஒழுங்காக ஷட்டவுன் செய்ய நேரம் தருவது.

வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது சைன் வேவ் இன்வெர்ட்டரா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் என்றால், ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்கும் வசதி) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ்கள் உறுமும், சில அணைந்தேவிடும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது போதும், கம்ப்யூட்டருக்குப் போதாது.

எர்த் இல்லாத பழைய ஓட்டு வீடுகள் இன்னும் இருக்கின்றன. மூன்று முனை பிளக் இருப்பதாலேயே எர்த் இருப்பதாக நினைக்க வேண்டாம். கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறதென்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போட்ட பிறகுதான் கார்டு. ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது பிளக்கையே உருவிவிடுங்கள். ஃபைபர் மோடத்தின் அடாப்டரையும் சேர்த்து.

படி 8: குவெஸ்ட்காரர்களுக்கு ரவுட்டர்

இன்டர்நெட் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. படம் கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டர் வழியாக ஹெட்செட்டுக்கு வீட்டுக்குள்ளேயே போகிறது. கம்ப்யூட்டரை ரவுட்டரோடு லேன் கேபிளில் இணையுங்கள், ஹெட்செட் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கட்டும், ஆடும் அறையிலேயே ரவுட்டர் இருக்கட்டும். பழைய வீட்டின் தடித்த சுவர் ஒன்று குறுக்கே வந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். ஆர்டிஎக்ஸ் 40, ரேடியான் 7000 வரிசையிலிருந்து படத்தை ஏவி1 என்ற வீடியோ முறையில் சுருக்க முடியும். குவெஸ்ட் 3, 3எஸ் அதை விரிக்கும், குவெஸ்ட் 2 விரிக்காது. படத்தை அனுப்பும் மென்பொருள்களில் ஸ்டீம் லிங்க் இலவசம். வெர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்குக் காசு, ஆனால் கொடுத்த காசுக்குத் தகும். கூடத்தில் ஆடுபவர்கள் தாழ்வான ஃபேனை அணைத்துவிட்டுக் கையைத் தூக்குங்கள்.

படி 9: எங்கே வாங்குவது

தஞ்சாவூர், கும்பகோணம் கடைகளில் கேட்ட மாடல் உடனே கிடைப்பது அபூர்வம், வரவழைத்துத் தருவார்கள். திருச்சியில் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கலாம். நேரில் பார்த்து வாங்க நினைப்பவர்கள் இரவு உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிந்ததும் எழும்பூர், அங்கிருந்து கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு கிட்டம். எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லில் கார்டின் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள். 18% வரியைக் கழித்துத் தருகிறேன், பில் வேண்டாம் என்றால் நடையைக் கட்டுங்கள். வாரன்டி அந்தப் பில்லில்தான் இருக்கிறது.

ஹெட்செட்டை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது சரி. கார்டை அப்படிக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். பழுதானால் பெரும்பாலும் வாங்கிய நாட்டுக்கே அனுப்பச் சொல்வார்கள்.

பழைய கார்டு வாங்குபவர்கள், 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் முறை மாறியதும், அந்த நாணயத்தை ஈட்டும் மைனிங்கில் ஓடிய 30 வரிசைக் கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்ததை மனதில் வையுங்கள். மைனிங்கில் ஓடியதாலேயே கார்டு கெட்டது என்றில்லை. ஃபேனும் மெமரியும் தேய்ந்திருக்கலாம். விற்பவர் வீட்டிலேயே கனமான விளையாட்டு ஒன்றை இருபது நிமிடம் ஓடவிட்டு, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா, ஃபேன் கரகரக்கிறதா என்று கவனியுங்கள். மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

படி 10: மாட்டிய பிறகு

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதித்துவிட வேண்டும். ஸ்டீம்விஆரில் ஃபிரேம் டைமிங் வரைபடம் இருக்கிறது, அதைத் திறந்து வையுங்கள். 72 ஹெர்ட்ஸில், படத் தெளிவைக் குறைத்துத் தொடங்குங்கள். கோடு மட்டமாக ஓடினால் தெளிவைக் கொஞ்சம் கூட்டுங்கள், பிறகு 90 ஹெர்ட்ஸ். அங்கே கார்டின் நேரம் 10 மில்லிசெகண்டுக்குள் நிற்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சமுள்ள ஒரு மில்லிசெகண்ட், திடீரென்று எதிரிகள் கூட்டமாக வரும்போது தேவைப்படும். நிழல், புகை, பிரதிபலிப்பு ஆகியவற்றைக் குறைப்பதில் தயங்காதீர்கள். டெக்ஸ்சரை மட்டும் மெமரி இருக்கும் வரை உயரத்திலேயே வையுங்கள், அது ஃபிரேம் நேரத்தை அதிகம் தின்னாது.

ஏசி இல்லாத அறையில் கத்திரி வெயிலில் ஆடுபவர்கள், எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். பெரும்பாலான கார்டுகளில் வேகம் கொஞ்சம்தான் குறையும். சூடும் ஃபேன் சத்தமும் நன்றாகவே குறையும்.

கடைசியாகத் தூசி. சம்பா அறுவடை மிஷின் வயலில் இறங்கும் தை, மாசியில் வீட்டுக்குள் வரும் நெல் சுணை சாதாரணத் தூசி மாதிரி இல்லை. கார்டின் அலுமினியத் தகடுகளுக்கு இடையே போய், ஈரக்காற்றோடு சேர்ந்து மெல்லிய பஞ்சுப் பாய் மாதிரி படிந்துவிடும். ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் காற்று உள்ளே போகாது. அறுவடை முடிந்ததும் ஒரு முறை கார்டைக் கழற்றி, ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, ப்ளோயரால் ஊதிவிடுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் கடலோரத்தில் இருப்பவர்கள் உப்புக்காற்றுக்காக கார்டில் ஸ்லாட்டுக்குள் போகும் தங்கநிற முனைகளையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பச்சை பூத்திருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.